நெட் வரவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

“நெட் வரல” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கைபேசியிலிருந்து கிளம்பும் ஒரு செய்தி வெளியே போய்ச் சேர்வதற்குள் நான்கைந்து கை மாறுகிறது. கைபேசியிலிருந்து வைஃபை வழியாக ரவுட்டர், ரவுட்டரிலிருந்து ஃபைபர் பெட்டியான ஓஎன்டி, அங்கிருந்து கண்ணாடி இழை வழியாக நிறுவனத்தின் பக்கம் இருக்கும் பெட்டியான ஓஎல்டி, அதற்குப் பிறகுதான் வெளியுலகம். இப்போது பல வீடுகளில் ரவுட்டரும் ஓஎன்டியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இந்தக் கைமாற்றங்களுக்கு இருக்கும் பெயர்கள்தான் டிஎச்சிபி, டிஎன்எஸ், நாட், எம்டியு என்று நம்மை மிரட்டும் எழுத்துக் கூட்டங்கள். அவற்றை அகராதிபோல வரிசையாகப் படித்தால் மனதில் நிற்பதில்லை. கோளாறு வந்த நேரத்தில், அந்தக் கோளாறின் பெயராகத் தெரிந்துகொண்டால் மறப்பதில்லை. வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைப்பு பார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் கற்றது இது. அதனால் அறிகுறிகளைப் பிடித்தே போவோம்.

ஒரு வேண்டுகோள். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் குத்தாதீர்கள். பெட்டியை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட். அந்தத் துளையைக் குத்துவது ரீசெட். ரீசெட் செய்தால் உங்கள் இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனத்தின் லைனில் உங்கள் இணைப்பைப் பிரித்துக் காட்டும் விலான் எண் எல்லாம் அழிந்துபோகும். ரீஸ்டார்ட்டில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு, ஆள் வந்து பார்க்கும்வரை இரண்டு நாள் இழுத்துக்கொண்டு போகும்.

“சிவப்பு லைட் எரியுது”

ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ‘லாஸ் ஆஃப் சிக்னல்’, அதாவது இழை வழியாக ஒளி வரவில்லை என்று பொருள். இந்த நிலையில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவது, கைபேசியை அணைத்துப் போடுவது எதுவும் உதவாது. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய வயரைப் பாருங்கள். ஒரு வீட்டில் நாற்காலி நகர்த்தியது முதல் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பீரோவைக் கொஞ்சம் முன்னால் இழுத்தோம். அதன் காலுக்கும் சுவருக்கும் நடுவே வயர் மடங்கி நசுங்கியிருந்தது. செம்புக் கம்பி மடங்கினாலும் மின்சாரம் பாயும். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். ஒரு தம்ளர் அளவு வட்டமாகவாவது சுற்றி வையுங்கள்.

இழையின் முனையில் இருக்கும் கனெக்டர் பச்சையா நீலமா என்பதும் முக்கியம். பச்சை என்றால் ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலம் என்றால் யுபிசி, சாய்வில்லாதது. இரண்டையும் மாற்றிச் சொருகினால் உட்காரும், ஆனால் ஒளி சரியாகப் பாயாது. சொருகுமுன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். ஓஎல்டியிலிருந்து வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

சிவப்பு விளக்கு இல்லாமல் நெட் மட்டும் விட்டுவிட்டு வந்தால், உலாவியில் பெட்டியின் முகவரியைத் தட்டினால் (பெரும்பாலும் 192.168.1.1) திறக்கும் அமைப்புப் பக்கத்தில், ‘ஆப்டிகல்’ என்ற தலைப்பில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற எண்ணைப் பாருங்கள். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. அலகு டிபிஎம். லைன் பார்க்க வருகிறவர்கள் “பவர் எவ்வளவு வருது?” என்று கேட்பது இதைத்தான். எண் மைனஸில் இருக்கும். -18, -20 என்றால் நல்ல நிலை. பெரும்பாலான பெட்டிகள் -27 வரை தாங்கும். -25ஐத் தாண்டிவிட்டால் எனக்குக் கவலை வந்துவிடும், ஏனென்றால் 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். மழைக்குப் பிறகு மட்டும் குறைகிறதென்றால் தெருக் கம்பத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

“லைட் எல்லாம் பச்சைதான், ஆனா நெட் இல்ல”

ஒளி வருகிறது, உள்ளே அனுமதி கிடைக்கவில்லை. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பெரும்பாலும் 192.168.1.1, வான் என்ற தலைப்பில் பாருங்கள். வான் என்றால் வெளிப்பக்கம், லேன் என்றால் வீட்டுப்பக்கம். வான் ஐபி 0.0.0.0 என்று இருந்தால் நிறுவனம் உங்களுக்கு முகவரி தரவில்லை. பல நிறுவனங்கள் பிபிபிஓஇ என்ற முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுத்தான் உள்ளே விடுகின்றன. ‘ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று எழுதியிருந்தால் கடவுச்சொல் தவறு, அல்லது மாதக் கட்டணத் தேதி முடிந்திருக்கிறது. மின்சாரம் போய் வந்த பிறகு இப்படி ஆனால், பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் மூடப்படாமல் இருக்கலாம். பெட்டியைப் பத்து நிமிடம் முழுக்க அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். ஐந்து வினாடியில் போட்டால் பலன் இருக்காது.

இந்த இடத்தில் பிங் பழகிக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயர். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, தரவின் ஒரு சிறு பொட்டலத்தை (பேக்கெட்) அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து மூன்று படியாகக் கேளுங்கள். முதலில் பிங் 192.168.1.1. பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் முகவரிக்கு, பிங் 8.8.8.8. பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி இருக்கிறது. மூன்றாவதாக ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயரைப் போட்டு பிங். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சில இடங்களில் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள், அதனால் வெளியே ஒரே ஒரு முகவரியை மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள், 1.1.1.1ஐயும் கேட்டுப் பாருங்கள்.

“வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா ‘ஐபி முகவரி பெறுகிறது’ன்னே நிக்குது”

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும். அதை வழங்குவது டிஎச்சிபி, ‘டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் ப்ரோட்டோகால்’. கல்யாண மண்டபத்தில் செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கருவி “யாராவது முகவரி தருவீர்களா?” என்று பொதுவாகக் கூவும். ரவுட்டர் “192.168.1.105 இருக்கிறது, வேண்டுமா?” என்னும். கருவி “சரி, அதையே கொடுங்கள்.” ரவுட்டர் “உனக்குத்தான், இத்தனை நேரத்துக்கு.” இந்த நான்கு பேச்சும் முடிந்தால்தான் நெட். கடைசியில் சொன்ன ‘இத்தனை நேரம்’தான் லீஸ்.

ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் குரூப் 4 மாதிரித் தேர்வைக் கைபேசியிலேயே எழுத வைப்பார்கள். காலை வகுப்பில் எல்லோருக்கும் நெட் வரும். மாலை வகுப்பில் பாதிப் பேருக்கு வராது. நடத்துகிறவர் ரவுட்டரை மாற்றினார், நெட் திட்டத்தையும் உயர்த்தினார். மாலை வகுப்பு மட்டும் சரியாகவே இல்லை. “தம்பி, சாயங்காலம் ஆனா நெட் டயர்டு ஆயிடுதுப்பா” என்றார் என்னிடம். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தைத் திறந்தேன். தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.149. மொத்தம் 50 டோக்கன். லீஸ் நேரம் 86400 வினாடி, அதாவது முழுதாக ஒரு நாள். காலையில் வந்த 35 பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் வாங்கிய 35 டோக்கனும் மறுநாள் காலைவரை அவர்கள் பெயரிலேயே இருந்தன. மீதி 15ல் கேமரா, பிரிண்டர், அலுவலகக் கணினிகள் எடுத்துக்கொண்டது போக மாலைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒன்பதோ பத்தோதான். புதிய ரவுட்டரிலும் பழையதில் இருந்த அதே கணக்கைப் போட்டிருந்தார்கள். லீஸை 3600 வினாடியாகக் குறைத்து, முடிவு எண்ணை 250 ஆக்கினேன். அன்று மாலையே வரிசை முழுவதும் தேர்வு எழுதியது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

உங்கள் கருவி முகவரி கிடைக்காமல் தவிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் இருக்கிறது. லேப்டாப்பிலோ ஐபோனிலோ ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், யாரும் டோக்கன் தராததால் அது தானே ஓர் எண்ணை எழுதி மாட்டிக்கொண்டது என்று பொருள். இதற்கு லிங்க் லோக்கல் முகவரி என்று பெயர். இதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. ஆண்ட்ராய்டு இப்படிச் செய்யாமல் இணைப்பையே விட்டுவிடும்.

“எனக்கு வருது, பக்கத்து அறையில வரல; கொஞ்ச நேரம் கழிச்சு தலைகீழா மாறுது”

வீட்டில் டோக்கன் தருகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பழைய ரவுட்டரை வீணாக்க வேண்டாமே என்று மாடியில் மாட்டியிருப்பீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதுவும் டிஎச்சிபி நடத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதன் முகவரியும் 192.168.1.1ஆகவே இருக்கும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இதுதான் ஐபி கான்ஃப்ளிக்ட். பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் துளையில் சொருகாமல் லேன் துளையில் சொருகுங்கள். புதிய ரவுட்டரின் டோக்கன் வரிசையில் 2 என்ற எண் வராதபடி தொடக்கத்தையும் 10க்கு மேல் வைத்துவிடுங்கள். பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்தவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

“ஏற்கெனவே திறந்திருந்தது ஓடுது, புதுசா எந்த சைட்டும் திறக்கல”

மேலே சொன்ன மூன்று படியில் 8.8.8.8க்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் பதில் வராவிட்டால் டிஎன்எஸ். ‘டொமைன் நேம் சிஸ்டம்’. நமக்குப் பெயர் தெரியும், இயந்திரத்துக்கு எண்தான் தெரியும். நடுவில் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுப்பது இது. தொடக்க காலத்தில் வலையில் இணைந்திருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்தவர்கள் அதைக் கையால் திருத்திக்கொண்டிருந்தார்கள். பட்டியல் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகியதால் 1983ல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்று ஒரு பெயரைத் தட்டியதும் முதலில் நடப்பது அந்த விசாரணைதான்.

குரோமில் ‘டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்டு என்எக்ஸ்டொமைன்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். என்எக்ஸ் என்பது ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதில். ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் வந்தால் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். எல்லாத் தளத்துக்கும் வந்தால் விசாரிக்கும் இடத்தில்தான் கோளாறு. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃபிளேருடையது. கைபேசியில் மட்டும் பிரச்சினை என்றால் அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் யாராவது எப்போதோ விளம்பரம் தடுக்க ஒரு பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தச் சேவை நின்றுவிட்டால் உங்கள் நெட்டும் நின்றதுபோல் இருக்கும்.

“சில சைட் மட்டும் பாதியில தொங்குது”

கூகுள் திறக்கும், வங்கித் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். கைபேசியின் டேட்டாவில் அதே தளம் உடனே திறக்கும். எம்டியுவைச் சந்தேகப்படுங்கள். ஒரு பொட்டலம் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு அது. வழக்கமாக 1500 பைட். பிபிபிஓஇ தன் உறைக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு மிச்சம் 1492. பெரிய பொட்டலம் வந்தால் “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி, பிங்கும் பயன்படுத்தும் ஐசிஎம்பி என்ற முறை வழியாகப் போகும். நடுவில் யாரோ பாதுகாப்பு என்று ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருந்தால் அனுப்பியவருக்குச் சேதியே போகாது. அவர் அதே பொட்டலத்தை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். சிறிய பக்கங்கள் திறப்பதும் பெரியவை தொங்குவதும் இதனால்தான். ரவுட்டரின் வான் பக்கத்தில் எம்டியு 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். இதை நான் சரிசெய்துவிட்டு வந்த வீடுகளில் மாதக்கணக்காக வங்கியைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“100 எம்பி பிளான், டவுன்லோட்ல 12தான் காட்டுது”

கோளாறே இல்லை. திட்டத்தில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5.

300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கி, கேபிளில் சோதித்தாலும் 94, 95க்கு மேல் ஏறாவிட்டால் கேபிளைப் பாருங்கள். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிளின் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கில் ஒரு பழுப்புக் கம்பி சரியாகக் கடிக்காமல் நின்றாலும் இரு பக்கக் கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். முனையை வெட்டிப் புது பிளக்கை அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப்) போதும்.

கேபிளில் வேகம் வந்து வைஃபையில் மட்டும் வராவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருப்பீர்கள். அது சுவர் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் எல்லோரும் அதில்தான் நெருக்கியடிக்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அந்த அலைவரிசையில்தான் இயங்குகிறது. சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், மற்றவை ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பக்கத்து அறை வரைக்கும் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ்.

“ஸ்பீட் டெஸ்ட் நல்லாத்தான் இருக்கு, வீடியோ கால்ல குரல் உடையுது”

வேகம் என்பது சாலையின் அகலம். பேச்சுக்கு வேண்டியது வண்டிகள் சீரான இடைவெளியில் வந்து சேர்வது. ஒரு பொட்டலம் போய்வரும் நேரம் லேட்டன்சி. அது ஒவ்வொரு முறையும் மாறினால் ஜிட்டர். வராமலே போனால் பேக்கெட் லாஸ். ரவுட்டருக்கே தொடர்ந்து பிங் அடித்துப் பாருங்கள். கேபிளில் 1 மில்லிவினாடிக்குள், வைஃபையில் சில மில்லிவினாடியில் பதில் வர வேண்டும். திடீர் திடீரென்று 200, 300 என்று எகிறினால் வைஃபையில் கோளாறு. ரவுட்டர் வரை சீராக இருந்து 8.8.8.8க்கு மட்டும் எகிறினால், அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய கைபேசியாவது புகைப்படங்களை மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். மேலேற்றும் பாதை நிரம்பிவிட்டால் ரவுட்டர் பொட்டலங்களை நீண்ட வரிசையில் நிற்க வைக்கும், உங்கள் குரலும் அந்த வரிசையில் நிற்கும். பஃபர்ப்ளோட் என்பது இதுதான். ரவுட்டரில் எதற்கு முன்னுரிமை என்று முடிவு செய்யும் க்யுஓஎஸ் வசதி இருந்தால் ஏற்றும் வேகத்தைத் திட்டத்தின் 90 சதவீதத்துக்குள் கட்டி வையுங்கள்.

“வெளியூர் போனா வீட்டு கேமரா தெரியல”

வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் நடக்காதவர்கள் கவனிக்க வேண்டியது வான் ஐபியின் முதல் இரண்டு எண்கள். ஐபிவி4 என்ற பழைய ஐபி முகவரி முறையில் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி முகவரி. உலகத்துக்குப் போதாது. அதனால் வீட்டுக்குள் எல்லோரும் 192.168 போன்ற உள்முகவரியை வைத்துக்கொண்டு, வெளியே ஒரே முகவரியில் போகிறோம். மாற்றிக் கொடுப்பது நாட். இப்போது பல நிறுவனங்கள் இன்னொரு படி போய், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரி தருகின்றன. இது சிஜிநாட். உங்கள் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். அப்போது வெளியிலிருந்து வருகிறவர் தெருமுனை வரைதான் வர முடியும், உங்கள் கதவு எது என்று அவருக்குத் தெரியாது. ரவுட்டரில் எவ்வளவு மாற்றினாலும் பலனில்லை. நிறுவனத்திடம் மாறாத வெளிமுகவரியான ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள், அல்லது கேமராவின் சொந்தச் செயலி வழியாகப் பாருங்கள். ஸ்டேட்டிக் ஐபி வாங்கினால், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லைக் கேமராவில் முதல் வேலையாக மாற்றுங்கள். வீட்டு முற்றத்தை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாமலே நடக்கும்.

“கடை முழுக்க ஒரே நேரத்துல நின்னுபோச்சு, ஸ்விட்ச் லைட் எல்லாம் வெறிபிடிச்ச மாதிரி மின்னுது”

யாரோ பெருக்கும்போது கீழே கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் (பல கேபிள்களைச் சேர்க்கும் பெட்டி) சொருகியிருக்கிறார்கள். லூப். எல்லாக் கருவிகளுக்கும் போகும் பொதுச் செய்தி ஒன்று அதற்குள் சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்கு மின்னுவது அடங்குகிறதோ அதுதான். 1985ல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய எஸ்டிபி என்ற முறை இதைத் தானே தடுக்கும், ஆனால் கடைகளில் வாங்கும் மலிவு ஸ்விட்சுகளில் அது பெரும்பாலும் இருக்காது.

“எல்லாம் பார்த்தாச்சு, கோளாறு அவங்க பக்கம்தான்”

வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கும்போது “நெட் வரல” என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “எல்ஓஎஸ் எரியல. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28. வான் ஐபி வருது, அரை மணிக்கு ஒரு தரம் போயிடுது. காலையில ஆறு மணியிலேர்ந்து.” பேச்சு நேராக லைன் ஆளுக்குப் போகும். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பெட்டியை அணைக்காதீர்கள். ஓஎன்டிக்கு வரும் மின்சாரம் நின்றுபோகும் கடைசி நொடியில், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் ஓஎல்டிக்கு அது ஒரு செய்தி அனுப்பும். டையிங் காஸ்ப், கடைசி மூச்சு என்று அதற்குப் பெயர். அந்தச் செய்தி அவர்கள் திரையில் வந்துவிட்டால் ‘வீட்டில் கரண்ட் இல்லை’ என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள்.